அடையாளத் திருட்டு: பூட்டை மாற்றினோம், ஆள் பரணில் இருந்தான்

பறிபோன கணக்குகளை மீட்டுக் கொடுப்பதும், தன் பெயரில் யாரோ வாங்கிய கடனுக்குப் பதில் சொல்லித் தவிப்பவர்களுக்கு உதவுவதும்தான் சில வருடங்களாக என் வேலை. போன மாதம் இரண்டு இளைஞர்கள் கூடச் சேர்ந்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள், சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் முதல் வாரத்திலேயே, நான் ஒரு காலத்தில் செய்த அதே தவறை அதே நம்பிக்கையோடு செய்தார்கள். அந்தத் தவறுக்கு நான் கொடுத்த விலை எனக்குத் தெரியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஓடிபியை யாருக்கும் சொல்லாதே, பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாக வைக்காதே என்பதெல்லாம் எல்லார் காதிலும் விழுந்தாயிற்று. அவற்றை இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை.

ஒன்றை மட்டும் முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். கணக்கிலிருந்து பணம் எடுப்பது திருட்டு. உங்கள் பெயர், பிறந்த தேதி, அடையாள எண், மெயில் ஆகியவற்றை வைத்துக்கொண்டு ஒருவர் நீங்களாகவே நடமாடுவது அடையாளத் திருட்டு. உங்கள் பெயரில் கடன் வாங்கலாம், சிம் வாங்கலாம், கம்பெனி பதிவு செய்யலாம். பர்ஸ் தொலைந்தால் அன்று சாயங்காலமே தெரிந்துவிடும். இது கடன் வசூலிக்கிறவர் போன் செய்யும்போதுதான் தெரியும்.

## பாஸ்வேர்டை மாற்றியதும் முடிந்தது என்று நினைப்பது

போன மாதம் வந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். அவர் மெயிலுக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள். என்னோடு இருந்த பையன் பத்தே நிமிடத்தில் கணக்கை மீட்டான், புதிய பாஸ்வேர்ட் வைத்தான், "முடிஞ்சதுக்கா" என்றான். அந்த அம்மாவும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"உட்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, மீட்பு எண்கள் (பாஸ்வேர்ட் தொலைந்தால் கணக்கைத் திரும்பப் பெறக் கொடுத்துவைக்கும் போன் எண்கள்) இருக்கும் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று 47 என்று முடிந்தது.

"இது உங்க நம்பராம்மா?"

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். "இல்லையே. வீட்டுல இருக்கிற நாலு பேர் நம்பரையும் சொல்லிப் பார்த்துட்டேன். யாருதும் இல்ல."

அடுத்து செட்டிங்ஸில் ஃபில்டர் பக்கம். அங்கே ஒரே ஒரு விதி இருந்தது. வரும் மெயிலில் 'கடன்', 'பாஸ்வேர்ட்', 'ஸ்டேட்மென்ட்' என்ற ஆங்கிலச் சொற்களில் ஏதாவது ஒன்று இருந்தால், அதை ஒரு வெளி முகவரிக்கு அனுப்பு, பிறகு அழித்துவிடு. பாஸ்வேர்ட் மாறிய பிறகும் அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. பையன் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது.

எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். பல வருடம் முன்பு என் மெயிலுக்குள் ஒருவன் நுழைந்தபோது நானும் அவசர அவசரமாகப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். நான்காவது வாரம் கடன் வசூலிக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. நான் கேள்வியே படாத ஒரு கடன், என் பெயரில், என் முகவரியில். "மூன்று முறை மெயில் அனுப்பினோமே, பார்க்கவில்லையா?" என்றார்கள். பார்க்கவில்லை. என் கண்ணில் படவே இல்லை. தேடித் தேடி, யாரும் திறக்காத ஒரு மூலையில் அந்த விதியைக் கண்டுபிடித்தேன். அதற்கு அவன் வைத்திருந்த பெயர் வெறும் ஒரு புள்ளி.

இதுவரைக்கும்கூட மன்னித்துக்கொள்வேன், தெரியாமல் செய்தது. அடுத்துச் செய்ததைத்தான் இன்றுவரை ஆற்றிக்கொள்ள முடியவில்லை. ஆத்திரத்தில் அந்த விதியை அப்படியே அழித்துவிட்டேன். ஸ்கிரீன்ஷாட் எடுக்கவில்லை, அந்த வெளி முகவரியைக் குறித்துவைக்கவும் இல்லை. கடன் கொடுத்த நிறுவனம், "உங்கள் மெயில் உங்கள் கையில்தானே இருந்தது? எங்கள் கடிதங்கள் வரவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டது. என்னிடம் இருந்த ஒரே ஆதாரத்தை நானே என் கையால் அழித்திருந்தேன். அந்தக் கடன் என்னுடையது இல்லை என்று நிரூபிக்கப் பதினொரு மாதம் ஆனது. அதற்குள் எத்தனை விண்ணப்பம், எத்தனை கையெழுத்துச் சரிபார்ப்பு, எத்தனை முறை அதே கதையை முதலிலிருந்து ஒப்பித்தல்!

வீட்டுக்குள் திருடன் வந்துபோனான் என்று வாசல் பூட்டை மாற்றுகிறோம். அவன் போகவே இல்லை, பரணில் படுத்திருக்கிறான். பரணை யாரும் பார்ப்பதில்லை. இன்னொரு சங்கடம் என்னவென்றால், ஜிமெயிலில் ஃபில்டர்களையும், வரும் மெயிலை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் ஃபார்வர்டிங்கையும் போன் செயலியில் பார்க்கவே முடியாது. பிரவுசரில் முழு செட்டிங்ஸைத் திறந்தால்தான் தெரியும். போனிலேயே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற ஒருவர் ஆயுள் முழுக்க அந்தப் பக்கத்தைப் பார்க்காமலே இருந்துவிடலாம்.

ஆகவே, நுழைந்துவிட்டான் என்று தெரிந்தால் முதலில் மெயிலைத் தொடாதீர்கள். எந்தக் கருவியில் உட்கார்ந்து மாற்றப்போகிறீர்கள் என்று பாருங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளை எங்கிருந்தோ இலவசமாக இறக்கிய கம்ப்யூட்டராக இருந்தால், அதில் தகவல் திருடும் நிரல் இருக்க வாய்ப்பு உண்டு. அத்தகைய நிரல், பிரவுசர் சேமித்துவைத்திருக்கும் பாஸ்வேர்டுகளோடு, 'இவர் ஏற்கெனவே உள்ளே வந்தவர்' என்று சொல்லும் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போகும். குக்கீ கையில் இருந்தால் அவனுக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். அந்தக் கருவியிலேயே உட்கார்ந்து புதிய பாஸ்வேர்டைத் தட்டினால், அதையும் அவனிடமே கொடுத்ததாக ஆகும். சந்தேகம் இல்லாத வேறு கருவியை எடுங்கள்.

பிறகு எதையும் அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் படமெடுங்கள். மீட்பு எண், மீட்பு மெயில், ஃபார்வர்டிங் முகவரி, ஃபில்டர், எந்தெந்தக் கருவியிலிருந்து எப்போது லாக்-இன் ஆனது என்ற பட்டியல், எல்லாமே தேதி, நேரம் தெரியும்படி. அதன் பிறகு பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றுங்கள். உங்களுடையது அல்லாத மீட்பு எண்ணையும் மெயிலையும் நீக்குங்கள். ஃபில்டர், ஃபார்வர்டிங், அனுமதி பெற்ற மூன்றாம் தரப்புச் செயலிகள், தனியாக உருவாக்கப்பட்ட செயலிப் பாஸ்வேர்டுகள், வேறொருவருக்கு மெயிலைத் திறக்கக் கொடுத்த அனுமதி, பதில் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்ற அமைப்பு என்று ஒவ்வொரு பக்கமாகப் போங்கள். கடைசியாகக் குப்பைத் தொட்டியையும் அனுப்பியவற்றையும் படியுங்கள். அவன் உங்கள் பெயரில் எங்கெல்லாம் கணக்குத் தொடங்கினான் என்பதற்கு அங்கேதான் துப்பு கிடக்கும். அந்த அம்மாவின் குப்பைத் தொட்டியில், அவர் வாழ்நாளில் விண்ணப்பிக்காத இரண்டு கடன் அட்டைகளுக்கான "விண்ணப்பம் கிடைத்தது" மெயில்கள் இருந்தன. இரண்டையும் அன்றே நிறுத்தினோம்.

மெயிலில் இவ்வளவு நேரம் செலவழிக்கக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான கணக்குகளில் 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்று அழுத்தினால் மாற்றும் வழி வந்து சேர்வது அந்த மெயிலுக்குத்தான். மெயிலை முழுதாகச் சுத்தம் செய்யாமல் வங்கிப் பாஸ்வேர்டை மாற்றுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

## ரகசியக் கேள்விக்கு உண்மையான பதிலைத் தருவது

2008-இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக இருந்த சாரா பேலினின் யாஹூ மெயிலுக்குள் ஒரு கல்லூரி மாணவன் நுழைந்தான். எந்தத் தொழில்நுட்ப வித்தையும் இல்லை. பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரை முதலில் எங்கே சந்தித்தார் என்ற கேள்விகளுக்கு இணையத்தில் தேடியே விடை கண்டுபிடித்துப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டான்.

பிரபலங்களுக்குத்தானே இது என்று நினைக்காதீர்கள். படித்த பள்ளி, அம்மாவின் பெயர், முதல் வண்டி எல்லாவற்றையும் நாமே படத்தோடு போட்டுவைத்திருக்கிறோம். அந்தக் கேள்விகளுக்குப் பொய் சொல்லுங்கள். பள்ளியின் பெயர் கேட்டால் சம்பந்தமில்லாத நாலு சொற்களைக் கொடுங்கள். பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைக்கும் பாஸ்வேர்ட் மேலாளர் செயலியில் அந்தப் பொய்யை எழுதிவையுங்கள், இல்லையென்றால் நாளைக்கு நீங்களே வெளியே நிற்பீர்கள்.

## போன் எண்ணை நம்முடைய சொத்து என்று நம்புவது

எண்ணை நமக்குக் கொடுத்தவர் இன்னொருவருக்கும் கொடுக்கலாம். தொலைபேசி நிறுவன ஊழியரை ஏமாற்றியோ விலைக்கு வாங்கியோ உங்கள் எண்ணைத் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்வதுதான் சிம் மாற்று மோசடி. 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைவராக இருந்த ஜாக் டோர்சியின் கணக்கிலிருந்தே கண்ட கண்ட பதிவுகள் வந்தது அவர் எண் பிறர் கைக்குப் போனதால்தான். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், எஸ்எம்எஸ்ஸில் குறியீடு அனுப்பும் முறையை 2017-லேயே கட்டுப்பாட்டுக்குரிய வகையில் சேர்த்துவிட்டது.

சுற்றி இருப்பவர்களுக்கெல்லாம் சிக்னல் இருந்து, உங்கள் போனில் மட்டும் திடீரென்று போய்த் திரும்பவே இல்லையென்றால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கப் போகாதீர்கள். இன்னொரு போனிலிருந்து நிறுவனத்தை உடனே அழையுங்கள், அடுத்த அழைப்பு வங்கிக்கு.

முடிந்த இடத்திலெல்லாம் எஸ்எம்எஸ்ஸை விட்டு அங்கீகாரச் செயலிக்கு மாறுங்கள். அது முப்பது நொடிக்கு ஒருமுறை போனுக்குள்ளேயே புதிய குறியீட்டை உருவாக்குகிறது, சிம்மோடு அதற்கு உறவில்லை. பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் கருவியே வைத்திருக்கும் டிஜிட்டல் சாவியான பாஸ்கீ கிடைத்தால் இன்னும் நல்லது. அது உண்மையான தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டிருப்பதால், அச்சு அசலாக இருக்கும் போலித் தளத்தில் வேலை செய்யாது. நம் கண் ஏமாறும் இடத்தில் அது ஏமாறுவதில்லை.

எண்ணை மாற்றியவர்களுக்கு இன்னொன்று. விட்டுவிட்ட பழைய எண் சில காலம் கழித்து வேறொருவருக்குப் போகும். புது எண் கிடைத்த அன்றே, பழைய எண் எந்தெந்தக் கணக்கில் இருக்கிறது என்று உட்கார்ந்து எழுதி ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

## பழைய கணக்கைச் சாகாமல் விட்டுவைப்பது

வேலைத் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இன்னிலிருந்து 2012-இல் திருடப்பட்ட விவரம், நான்கு வருடம் கழித்து 11.7 கோடி மெயில் முகவரிகளும் பாஸ்வேர்டுகளுமாக விற்பனைக்கு வந்தது. நீங்கள் மறந்த பாஸ்வேர்டைச் சந்தை மறப்பதில்லை. பயன்படுத்தாத கணக்குகளை மூடுங்கள்.

## கைரேகையை மாற்றிக்கொள்ளலாம் என்பது போல் கொடுப்பது

மாற்ற முடியாது. 2015-இல் அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் கைரேகைகள் திருடுபோயின. தேவையில்லாத இடத்தில் விரலை வைக்காதீர்கள்.

## வெறும் நகலைக் கொடுப்பது

அடையாள அட்டையின் நகலில் யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் கொடுக்கிறீர்கள் என்று குறுக்கே எழுதுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள். எழுத்து, அட்டையின் எண்ணையும் படத்தையும் தொட்டுக்கொண்டு போக வேண்டும், ஆனால் படிக்க முடியாமல் மறைத்துவிடக் கூடாது. போனில் படமாக அனுப்பும்போதும் இதே விதிதான். வேலை முடிந்ததும் அந்தப் படத்தை உரையாடலிலிருந்தும் நீக்குங்கள்.

## பிள்ளைகளுக்கு என்ன வந்துவிடப்போகிறது என்பது

குழந்தையின் அடையாள எண்ணுக்குத் திருடர்களிடம் தனி மவுசு. காரணம் எளிது: அந்த எண்ணில் கடன் வரலாறே இல்லை, பல வருடம் யாரும் சோதிக்கவும் மாட்டார்கள். உண்மையான எண், கற்பனைப் பெயர், வேறொரு பிறந்த தேதி என்று மூன்றையும் ஒட்டி, உலகத்தில் இல்லாத ஓர் ஆளை உருவாக்கிக் கடன் வாங்குவார்கள். படித்து முடித்து முதல் கடனுக்கு விண்ணப்பிக்கும் வயதில்தான் பிள்ளைக்கு விஷயம் தெரியும். பிள்ளையின் பெயருக்குக் கடன் அட்டை விளம்பரமோ வரி நோட்டீஸோ வந்தால், தவறுதலாக வந்திருக்கும் என்று கிழித்துப் போடாதீர்கள்.

## கசிவுச் செய்தி பழசாகிவிட்டது என்று மறப்பது

2017-இல், மக்களின் கடன் வரலாற்றைத் தொகுக்கும் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடி அமெரிக்கர்களின் விவரங்கள் போயின. பெயர், பிறந்த தேதி, அமெரிக்கர்களின் அடையாள எண்ணாகப் பயன்படும் சமூகப் பாதுகாப்பு எண். ஒரு மென்பொருள் ஓட்டைக்கு ஏற்கெனவே வந்திருந்த திருத்தத்தைப் போடாமல் விட்டதுதான் காரணம். பாஸ்வேர்ட் போனால் மாற்றலாம். பிறந்த தேதி போனால் அது போனதுதான், பத்து வருடம் கழித்தும் அதே தேதியில்தான் பிறந்திருப்போம். அதனால்தான், உங்கள் நாட்டில் கடன் வரலாற்று அறிக்கை பெறும் வழி இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறையாவது வாங்கிப் படிக்கச் சொல்கிறேன். புதிய கடனே திறக்க முடியாதபடி முடக்கிவைக்கும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். அமெரிக்காவில் அது 2018 முதல் இலவசம். உங்கள் மெயில் எந்தெந்தக் கசிவில் இருந்தது என்று பார்க்க, ட்ராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளம் இருக்கிறது.

## போனில் பேசியதை நம்பி விட்டுவிடுவது

"சரி பண்ணிடறோம்" என்று ஒருவர் அன்பாகச் சொல்வார். அடுத்த வாரம் அழைத்தால் வேறொருவர் எடுப்பார், அவருக்கு எதுவும் தெரியாது. என் பதினொரு மாதத்தில் பாதி இப்படித்தான் போனது. ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும், யாரோடு எப்போது பேசினோம், என்ன சொன்னார் என்று அந்த நிறுவனத்துக்கே ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள். காவல்துறையில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்காமல் வெளியே வராதீர்கள். பல நிறுவனங்கள் அந்த எண் இல்லாமல் உங்கள் மறுப்பை எடுத்துக்கொள்வதே இல்லை.

அந்த அம்மாவுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தோம். முதல் பக்கத்தில் புகார் எண், அடுத்த பக்கத்தில் ஒட்டிய ஃபில்டரின் படம், அதன் கீழே அந்த வெளி முகவரி. கடன் அட்டை நிறுவனம் ஒன்றிலிருந்து போன வாரம் ஆதாரம் கேட்டு எழுதியிருந்தார்கள். பையன் அந்த நோட்டைத் திறந்து, இரண்டாம் பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்பினான்.