மஞ்சள் பாலை நம்பி மாத்திரையை நிறுத்தலாமா?

மனச்சோர்வுக்கு மஞ்சள் நல்லது என்ற பேச்சு முழுப் பொய்யல்ல. மஞ்சளிலுள்ள குர்குமினைக் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகள் சிலவற்றில் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. சிக்கல், எடுக்கும் அளவில்தான். அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்தது, பிரித்தெடுத்த குர்குமின், நாளொன்றுக்கு 500 முதல் 1,000 மில்லிகிராம். நம் அடுக்களை மஞ்சள் தூளில் அது சுமார் 3 சதவீதமே. மூன்று கிராம் பிடிக்கும் ஒரு தேக்கரண்டியில் 90 மில்லிகிராம் தேறினால் அதிகம். ஆயிரத்தை எட்டச் சுமார் பதினோரு கரண்டி விழுங்க வேண்டும்! இரவில் ஒரு சிட்டிகை போட்ட பால் தொண்டைக்கு இதம்; அதைச் சிகிச்சையாக எண்ணி மாதக்கணக்கில் காத்திருப்பது தவறு.

சரி, குர்குமினை மாத்திரையாகவே வாங்கிவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படிப்பதில்லை. பொடி எழுத்தில் 'பைப்பரின்' என்றிருக்கும், மிளகின் சத்து. குர்குமின் தனியே உடலில் எளிதில் சேராது என்பதால் இதைக் கூட்டுகிறார்கள். ஆனால் பைப்பரின் வேறு மருந்துகளையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின் அவற்றில் ஒன்று. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயமும் உண்டு. இத்தகைய குர்குமின் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். ரசத்தில் தட்டிப்போடும் மிளகை யாரும் குறை சொல்லவில்லை.

வாழைப்பழத்தில், மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்ற ரசாயனம் இருக்கிறது, உண்மை. அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. பழம் சாப்பிடுங்கள், பசிக்காக.

எல்லாவற்றிலும் மோசமானது, 'இயற்கை வைத்தியம் தொடங்கிவிட்டோமே' என்று மனச்சோர்வுக்கு மருத்துவர் கொடுத்த மாத்திரையைச் சட்டென நிறுத்துவது. தலைசுற்றல், தூக்கமின்மை, தலைக்குள் மின்னதிர்வு போன்ற உணர்வு வரலாம், நோயும் திரும்பலாம். மாத்திரை வேலைசெய்யவே சில வாரம் பிடிக்கும் என்பதால், பத்து நாளில் பலனில்லை என்று முடிவுகட்டுவதும் அவசரம்தான். நிறுத்துவதானால் மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். குர்குமின் எடுப்பதை அவரிடம் மறைக்காதீர்கள். டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

தற்கொலை எண்ணம் தலைகாட்டினால் எந்தச் சத்தையும் சோதித்துக்கொண்டிருக்க நேரமில்லை. இந்தியாவில் 14416, தமிழ்நாட்டில் 104, உடனே அழையுங்கள்.