தாளம் போட்டவர் பெயர் எங்கே? ராக் டிரம்மர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு பையன் தன் பேண்டின் முதல் ஆல்பத்தைப் போட்டுக் காட்டினான். ஆல்டர்நேட்டிவ் ராக். டிரம்ஸ் நன்றாகவே வாசித்திருந்தான். "பாட்டில் உனக்கு எவ்வளவு பங்கு?" என்று கேட்டேன். "அதெல்லாம் பேசலைண்ணா, எல்லாரும் ஃப்ரெண்ட்ஸ்தானே" என்றான். இருபது வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே பதில்.

ஸ்டிக்கை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

பங்கைப் பேசாமல் ஸ்டுடியோவுக்குள் போவது

ஒரு பாட்டில் பணம் இரண்டு வழியாக வரும்: பாட்டை எழுதியதற்கு ஒன்று, அந்த ஒலிப்பதிவுக்கு ஒன்று. வரிகளும் மெட்டும்தான் 'எழுதியது' என்ற கணக்கில் வரும். பீட் பெரும்பாலும் வராது. பேண்டுக்குள் பேசி எழுதிக்கொண்டால்தான் டிரம்மருக்கு அதில் இடம்.

எங்கள் பாட்டு ஒன்று, ஒத்திகை இடைவேளையில் நான் ஃப்ளோர் டாமில் (தரையில் நிற்கும் பெரிய டிரம்) தட்டிக்கொண்டிருந்த பேட்டர்னிலிருந்து பிறந்தது. அதன்மேல்தான் கிடார் வந்தது, அப்புறம் வரிகள். ஆல்பம் வந்தபோது எழுதியவர்கள் என்று இரண்டே பெயர், என் பெயர் இல்லை. பிறகு அந்தப் பாட்டு ஒரு விளம்பரத்துக்குப் போனது. எனக்குக் கிடைத்தது பதிவன்று வாங்கிய சம்பளம் மட்டும். கேட்டதற்கு, "அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார்கள். உண்மைதான். அதனால்தான் இன்னும் எரிகிறது.

அமெரிக்க ராக் பேண்ட் நிர்வாணாவின் பழைய டிரம்மர் சாட் சானிங்கைப் பாருங்கள். 1990 ஏப்ரலில் அவர் இருந்தபோது பதிவான 'பாலி' பாட்டு, 1991இல் வந்த 'நெவர்மைண்ட்' ஆல்பத்தில் இருக்கிறது. அதில் கேட்கும் சிம்பல் (உலோகத் தட்டு) அவர் அடித்தது. ஆல்பத்தில் அவர் பெயர் இல்லை. அதே ஆல்பத்தின் 'இன் புளூம்' பாட்டுக்கு டிரம்ஸ் அவர் அமைத்தது என்பதை, அவருக்குப் பிறகு நிர்வாணாவில் டிரம்ஸ் வாசித்த டேவ் குரோல் 2014இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவிப்பு மேடையில் சொன்னார். பெருந்தன்மைதான், ஆனால் எத்தனை வருடம் கழித்து!

ஆர்.இ.எம். என்ற அமெரிக்க பேண்ட் வேறு மாதிரி. பாட்டுகளை நால்வர் பெயரிலும் போட்டார்கள். 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' பாட்டைப் பெரும்பாலும் உருவாக்கியதே டிரம்மர் பில் பெர்ரிதான். 1995 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மேடையில் மூளை ரத்தக்குழாய் பாதிப்பால் சரிந்தார். 1997இல் பேண்டை விட்டு விலகி ஜார்ஜியாவில் விவசாயம் பார்க்கப் போனார். பாட்டுகளில் அவர் பெயர் அப்படியே இருக்கிறது.

ஒரு தாள் போதும். பாட்டின் பெயர், தேதி, யாருக்கு எத்தனை சதவீதம், எல்லோர் கையெழுத்தும். ஒத்திகைகளைப் போனில் பதிவு செய்து தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

க்ளிக் வேண்டாம் என்று வீம்பு பிடிப்பது

க்ளிக் என்பது, வேகம் மாறாமல் இருக்க ஹெட்ஃபோனில் ஒலிக்கும் 'டிக் டிக்' சத்தம். நிர்வாணாவின் 'லித்தியம்' பாட்டுப் பதிவில் வேகம் ஏறிக்கொண்டே போனதால், தயாரிப்பாளர் புட்ச் விக் டேவ் குரோலையே க்ளிக்கோடு வாசிக்கச் சொன்னார்.

பழைய டிரம் தோலோடு பதிவுக்குப் போவது

முந்தின நாளே மாற்றி, ட்யூன் பண்ணிவிடுங்கள்.

காது

காது அடைப்பான் இல்லாமல் ஒத்திகைக்குக்கூட உட்காராதீர்கள். ஹை-ஹாட் (காலால் மிதித்து மூடும் ஜோடி சிம்பல்) பக்கம் இருக்கும் என் இடது காதில் பன்னிரண்டு வருடமாக இரைச்சல் நிற்கவில்லை.