ஆடிப்பெருக்கன்று ஃபிளாட் பார்க்கப் போகாதீர்கள்

அம்மா மண்டபத்துப் படித்துறையில் தண்ணீர் மேல்படியை முட்டிக்கொண்டு ஓடுகிற நாளில், எந்த மாடியில் நின்று பார்த்தாலும் காவிரி அழகுதான். அன்றைக்கு உங்களை எட்டாவது மாடி பால்கனியில் நிறுத்தி, எதிரே மலைக்கோட்டையைக் காட்டி, கையில் ஒரு டம்ளர் காபியும் கொடுத்துவிட்டால் தரகருக்குப் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியைப் புது பெயின்ட் வாசனை பார்த்துக்கொள்ளும்.

சிங்கப்பூரில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய என் சித்தப்பாவுக்கு, தண்ணீரைப் பார்த்தபடி உட்கார ஒரு வீடு வேண்டும் என்று ஆசை. அவரோடு ஸ்ரீரங்கம், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் என்று ஒன்றரை வருஷம் அலைந்தேன். எங்களோடு குடும்பத்துக்குப் பழக்கமான மேஸ்திரி ஒருவரும் வந்தார். 'ரிவர் வியூ', 'லேக் வியூ', 'முழுக்கப் புதுப்பித்த சொகுசு ஃபிளாட்' என்று விளம்பரம் வந்தால் மூவரும் கிளம்பிவிடுவோம். நாங்கள் செய்த தவறும், செய்யப் பார்த்துத் தப்பித்த தவறும் நிறைய.

முதல் தவறு, தண்ணீர் ஓடும் பருவத்தில் மட்டும் வீடு பார்த்தது. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். மழையைப் பொறுத்துத் திறக்கும் தேதி முன்பின் ஆகும். ஆக, டெல்டாவில் ஆறு ஆறாக இருப்பது வருஷத்தில் ஏழெட்டு மாதம். மாசி முதல் வைகாசி வரை நீங்கள் காசு கொடுத்து வாங்கிய காட்சி என்பது வெள்ளை மணல், நடுவே ஒரு வாய்க்கால் அளவு தண்ணீர், கொள்ளிடம் பக்கமென்றால் நாணல் புதர். தண்ணீர் வருவதற்கு முன்பே காற்று வந்துவிடும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால் எட்டாவது மாடி சோபாவில் மணல் படிவது ஒரு அதிசயமா? உய்யக்கொண்டான் வாய்க்காலைப் பார்த்த வீடென்றால் இன்னொன்றும் உண்டு. பாசனத்துக்குத் தண்ணீர் ஓடும்போது அது ராஜராஜன் காலத்து வாய்க்கால். தண்ணீர் நின்றதும் ஊர்ச் சாக்கடை. ஜன்னலைத் திறக்க முடியாது. அதனால் வீட்டை இரண்டு முறை பாருங்கள்: பங்குனி வெயிலில் ஒரு தடவை, ஐப்பசி மழையில் ஒரு தடவை. சாயங்காலம் ஆறரை மணிக்குப் போனால் கொசுக் கணக்கும் தெரிந்துவிடும்.

கும்பகோணத்தில் மகாமகக் குளத்தைப் பார்த்த வீடு ஒன்றும் பார்த்தோம். அடுத்த மகாமகம் 2028-இல். அந்த வாரம் வீட்டில் எத்தனை சொந்தக்காரர்கள் படுப்பார்கள் என்பதை யாரும் விலையில் கழிப்பதில்லை.

காட்சியைப் பற்றி இன்னொரு விஷயம், இதைப் பலர் யோசிப்பதே இல்லை. பால்கனிக்கும் கரைக்கும் நடுவே இருக்கிற நிலம் யாருடையது? 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின்படி, 20 வருஷம் தடையில்லாமல் அனுபவித்துவந்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரிமை கோரலாம். காட்சிக்கு அப்படி எந்த உரிமையும் கிடையாது. முன்னால் இருக்கிற வாழைத் தோப்பு நாளைக்குப் பத்து மாடியாக எழுந்தால், உங்கள் 'ரிவர் வியூ' அவர்களுடைய சமையலறை ஜன்னல் வியூ ஆகிவிடும். கிரயப் பத்திரத்தில் ஆறு என்ற சொல் நான்கெல்லையில் வரும், அவ்வளவுதான். அதற்காகத்தான் சதுர அடிக்கு ஆயிரம், ரெண்டாயிரம் கூடுதலாகக் கேட்கிறார்கள்.

கரையும் காகிதமும்

நீர்நிலைக்குப் பக்கத்தில் வீடு என்றால் வில்லங்கச் சான்றோடு நிறுத்திக்கொள்வது ஆபத்து. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்ப்பது இப்போது சுலபம். அதனாலேயே அதைப் பார்த்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். அதில் தெரிவது பதிவான விற்பனை, அடமானம் போன்றவை. அந்த சர்வே எண் ஒரு காலத்தில் ஏரிப் புறம்போக்காகவோ வாய்க்காலாகவோ இருந்ததா என்பது அ-பதிவேட்டிலும் (எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் பதிவு) புலப்படத்திலும் (நில அளவை வரைபடம்) தான் தெரியும். ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற தமிழ்நாட்டில் 2007 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. கட்டடத்தின் ஒரு மூலை, மதில், ஜெனரேட்டர் ஷெட் மட்டும் புறம்போக்கில் நின்றாலும் தலைவலி எல்லா வீட்டுக்காரர்களுக்கும்தான். வில்லங்கத்தையும் உங்கள் ஃபிளாட்டுக்கு மட்டும் போடாமல், அடிநிலத்தின் சர்வே எண்ணுக்கு 30 வருஷம் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், மாடி. காட்சி நன்றாக இருப்பது மேல்மாடியில். அனுமதிக்கு மேல் கட்டினால் கட்டப்படுவதும் மேல்மாடிதான். நாங்கள் பார்த்ததில் மிக அழகான வீடு அப்படிப்பட்ட ஒன்று: அனுமதி வரைபடத்தில் அந்த மாடியே இல்லை. சொத்து வரி ரசீது இருக்கிறதே என்று காட்டினார்கள். வரி ரசீது கட்டட அனுமதி ஆகாது. ஒப்புதல் பெற்ற வரைபடத்தையும் பணி நிறைவுச் சான்றையும் கேட்டு வாங்கி, மாடிகளை விரல் விட்டு எண்ணுங்கள். 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டடம் விதிப்படி உயரமான கட்டடம். தீயணைப்புத் துறையின் சான்றும் இருக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம் போன்ற தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களுக்குப் பக்கம் என்றால், சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதைத் தாண்டி 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. அங்கே பழுதுபார்க்கவே அனுமதி வேண்டும். 'புதுப்பித்தது' என்று விற்கிறவர் அதை வாங்கினாரா என்று கேளுங்கள்.

புதுப்பித்தது என்றால் என்ன செய்தது?

மேஸ்திரி வீட்டுக்குள் நுழைந்ததும் ஹாலைப் பார்க்கவே மாட்டார். வாசற்படியில் குனிந்து நிற்பார். ஒரு வீட்டில் படிக்கட்டுத் தளத்தைவிட ஹால் தரை ரெண்டரை அங்குலம் உயரமாக இருந்தது. கதவுகளின் அடிப்பக்கம் அறுக்கப்பட்டிருந்தது. "பழைய மொசைக்க எடுக்கல. அதுக்கு மேலயே கலவை போட்டு கிரானைட் ஒட்டியிருக்காங்க" என்றார்.

இதில் என்ன தப்பு என்று சித்தப்பா கேட்டார். கணக்கு இப்படி: 2 அங்குலக் கலவையும் 18 மில்லிமீட்டர் கிரானைட்டும் சேர்ந்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. ஆட்கள், கட்டில், பீரோ எல்லாவற்றுக்கும் சேர்த்து வீட்டுத் தளத்துக்கு இந்தியத் தரநிலை வைத்திருக்கும் கணக்கே சதுர மீட்டருக்கு 200 கிலோதான். அதில் முக்கால் பங்கை அழகுக்காகவே செலவழித்துவிட்டார்கள். நாளைக்கே இடிந்து விழும் என்று இல்லை. ஆனால் பதினெட்டு வருஷக் கட்டடத்தின் தளத்தில், பொறியாளர் யாரையும் கேட்காமல் ஏற்றிய எடை அது.

அடுத்தது ஃபால்ஸ் சீலிங். டெல்டாவில் பழைய ஃபிளாட்டில் ஃபால்ஸ் சீலிங் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். மேல் வீட்டுக் குளியலறைக் கசிவை மறைக்க அதைவிட மலிவான வழி இல்லை. விளக்குக் குழி ஒன்றைக் கழற்றச் சொல்லி, கைப்பேசி டார்ச்சை உள்ளே அடித்துப் பாருங்கள். மஞ்சள் கறை, வெள்ளை உப்புப் படிவு, பெயர்ந்த காரை எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். கழற்றக் கூடாது என்று சொன்னால் அதுவும் ஒரு பதில்தான்.

நீங்கள் வாங்கப்போகும் வீட்டுக் குளியலறை ஒழுகுகிறதா என்பது அந்த வீட்டில் தெரியாது, கீழ் வீட்டில்தான் தெரியும். நாங்கள் இதைத் தாமதமாகத்தான் கற்றோம். ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுக்க இருந்த நாள், லிஃப்ட் வேலை செய்யாமல் படியில் இறங்கியபோது கீழ் வீட்டு அம்மா தானாகவே கதவைத் திறந்து, "நீங்கதான் மேல வாங்கப் போறீங்களா? முதல்ல இதப் பாருங்க" என்று கூப்பிட்டுக் காட்டினார். அவர் வீட்டுக் குளியலறைக் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு பக்கெட் வைத்திருந்தார். மேலே, இத்தாலிய மாடல் ஷவர். அதற்குப் பிறகு எங்கே போனாலும் முதலில் கீழ் வீட்டு மணியைத்தான் அடித்தோம். முடிந்தால் குளியலறை வடிகாலை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டுவைக்கச் சொல்லுங்கள். நீர்க்கசிவு பார்க்க வேலையாட்கள் செய்யும் வழக்கமான சோதனை இது.

புதுப்பிக்கப்படாத ஒரே இடம் கார் நிறுத்தும் தளம். அங்கே அண்ணாந்து உத்தரங்களைப் பாருங்கள். கம்பி ஓடுகிற வழியே நீளமாக விரிசல், துருக் கறை, பெயர்ந்து கம்பி தெரியும் மூலை இருந்தால், மேலே போட்ட பெயின்டுக்கு அர்த்தமில்லை. துருப் பிடித்த கம்பி பருத்து, மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டை வெளியே தள்ளும். நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் உப்புக்காற்றால் இது இன்னும் சீக்கிரம்.

பால்கனியை ஹாலோடு சேர்த்திருந்தால் எந்தச் சுவரை எடுத்தார்கள், உத்தரத்தில் கை வைத்தார்களா, குடியிருப்போர் சங்கம் ஒப்புக்கொண்டதா என்று கேளுங்கள். ஏசி மூன்று மாட்டியிருந்தால் வயரும் மாற்றப்பட்டதா, உயிர் காக்கும் கசிவு மின் தடுப்பான் இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்கள். ஜன்னல் வழியே தண்ணீர் வருகிறதா என்பது ஐப்பசி மழையில் தானே தெரிந்துவிடும்.

ரியல் எஸ்டேட் சட்டப்படி கட்டுமானக் குறைகளுக்குக் கட்டியவர் பொறுப்பேற்க வேண்டியது, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகள். 2008-இல் கட்டிய கட்டடத்தைப் போன வருஷம் புதுப்பித்தவருக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. நீர்க்கசிவுத் தடுப்பு வேலைக்கு உத்தரவாதம் இருக்கிறது என்று வாயால் சொன்னால், யார் பெயரில், எத்தனை வருஷம் என்று எழுதி வாங்குங்கள்.

வெள்ளம்

2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதே வெள்ளத்தில் கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலமும் உடைந்தது. எட்டாவது மாடிக்குத் தண்ணீர் வராது என்பது சரிதான். ஆனால் மின்சார மீட்டர், மோட்டார், ஜெனரேட்டர், நிலத்தடித் தொட்டி எல்லாம் தரையில்தான் இருக்கின்றன. தொட்டியில் வெள்ள நீர் புகுந்தால் எட்டாவது மாடியிலும் குழாயில் அதேதான் வரும். பெரிய ஆற்றை மட்டும் பார்க்காதீர்கள்; 2021 நவம்பரில் திருச்சியில் குடியிருப்புகளுக்குள் புகுந்தது கோரையாற்றுத் தண்ணீர். எது எதுவரை வந்தது என்று தெருமுனை டீக்கடையில் கேட்டால் சுவரில் கை வைத்தே காட்டுவார்கள்.

பணம்

விளம்பரத்தில் 1,650 சதுர அடி என்றால், உள்ளே டேப் பிடித்தால் 1,200 வரலாம். மீதி லிஃப்ட், படிக்கட்டு, வராந்தா. அதைவிட முக்கியம் பிரிக்கப்படாத நிலப்பங்கு, அதாவது அடிநிலத்தில் உங்கள் வீட்டுக்கு வரும் பங்கு. 55 சென்ட், அதாவது சுமார் 24,000 சதுர அடி நிலத்தில் 60 வீடு இருந்தால் சராசரிப் பங்கு 400 சதுர அடி. கட்டடத்துக்கு வயதாக ஆகக் கையில் மிஞ்சுவது இதுதான். பத்திரத்தில் எத்தனை போட்டிருக்கிறது என்று பாருங்கள். தரைத்தள கார் நிறுத்தத்தைத் தனியாக விலை பேசினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது பொதுப் பகுதி, தனியாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே சொல்லிவிட்டது.

பில்டரிடமிருந்து முதல்முறை விற்பனையாகும் வீட்டுக்கு உள்ள குறைந்த முத்திரைத் தீர்வையை நம்பிக் கணக்குப் போட்டோம். மறுவிற்பனைக்கு அது பொருந்தாது: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். ஒரு கோடிக்கு ஒன்பது லட்சம். 75 லட்சத்துக்கு மேல் போகும் வீட்டுக் கடனில் வங்கி மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் தராது; அந்த மதிப்பும் வங்கியின் மதிப்பீட்டாளர் சொல்வதுதான், இத்தாலிய ஷவருக்கு அவர் பெரிதாக மார்க் போடுவதில்லை. இந்தப் பள்ளத்தை அடைக்க 'பாதி ரொக்கமாகக் கொடுங்கள்' என்பார்கள். அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், டெல்டாவில் அது சகஜம். உள்ளூர்க்காரரிடம் 50 லட்சமோ அதற்கு மேலோ கொடுத்து வாங்கினால் 1 சதவீத வரியைப் பிடித்துக் கட்டினால் போதும். வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் நீண்டகால ஆதாயத்துக்குப் பிடித்தமே 12.5 சதவீதத்தில் தொடங்கும். பிடிக்காமல் விட்டால் வரித்துறை கேட்பது உங்களை. அவருடைய பவர் ஏஜென்ட் கையெழுத்துப் போடுகிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்றையும் கேளுங்கள். சங்கடப்படாதீர்கள், பதிவு அலுவலகமே கேட்கும்.

சித்தப்பா கடைசியில் வாங்கியது நான்காவது மாடியில், ஒரு சித்திரை மாத மத்தியானம். "தண்ணி வந்தப்புறம் வந்து பாருங்களேன் சார்" என்று வாட்ச்மேனுக்கே எங்கள் மேல் பரிதாபம். அங்கிருந்து பாதிக் காவிரிதான் தெரியும். மீதிப் பாதி ஒரு தென்னந்தோப்பு. தோப்பை விற்கும் பேச்சு இதுவரை இல்லை. ஆனாலும் பொங்கலுக்குப் பொங்கல் தோப்புக்காரர் வீட்டுக்கு ஒரு கரும்புக் கட்டு போய்விடுகிறது.