பச்சிளங்குழந்தையின் மூக்கடைப்பு: மூச்சைக் கவனிக்கும் முறையும் வீட்டில் செய்யக்கூடியதும்

பிறந்து பத்துப் பதினைந்து நாளான குழந்தை இரவில் கொர்கொரென்று மூச்சு விட்டால், "நெஞ்சில் சளி கட்டிவிட்டது" என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அதன் பிறகு எண்ணெய், கற்பூரம், மருந்துக்கடைச் சொட்டு என்று ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். உண்மையில் அந்தச் சத்தம் பெரும்பாலும் நெஞ்சிலிருந்து வருவதில்லை, மூக்கிலிருந்து வருகிறது. பச்சிளங்குழந்தையின் மூக்குத் துவாரம் மிகக் குறுகியது என்பதால், சிறிதளவு சளியோ கக்கிய பாலோ அங்கே தங்கினாலே காற்று உரசி ஒலிக்கும். முதுகில் கை வைத்தால் தெரியும் அதிர்வும் பல நேரங்களில் மூக்கின் சத்தம் உள்ளே பரவுவதால் உண்டாவதுதான். அடிக்கடி தும்முவதும் சளி பிடித்ததற்கு அடையாளம் அல்ல. மூக்கைத் தானாகச் சுத்தம் செய்துகொள்ளக் குழந்தைக்கு உள்ள வழி அது.

ஆகவே மூக்கில் கை வைப்பதற்கு முன் மூச்சை எண்ணுங்கள். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு எழுந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது இந்த வயதில் சரியான கணக்கைத் தராது. ஏனென்றால் பச்சிளங்குழந்தை சிறிது நேரம் வேகமாக மூச்சு விட்டு, 5 முதல் 10 விநாடிகள் நிறுத்தி, மறுபடியும் தொடங்கும். அந்த இடைவெளியில் நிறம் மாறாமல் இருந்தால் அது இயல்பானதே. நிமிடத்துக்கு 30-க்குக் குறையாமலும் 60-ஐ எட்டாமலும் இருந்தால் கவலை வேண்டாம். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் சிறிது நேரம் கழித்து மீண்டும் எண்ணுங்கள். இரண்டாம் முறையும் அப்படியே இருந்தால் அதை வெறும் மூக்கடைப்பாகக் கருதாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மூச்சு சீராக இருந்து, பாலும் வழக்கம்போல் குடித்தால், சத்தம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மூக்கைத் தொடாமல் விடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அடைப்பினால் குழந்தை நான்கு வாய் குடித்துவிட்டு மார்பை விட்டு விலகி அழுகிறது என்றால்தான் சலைன் சொட்டு, அதாவது மூக்கில் விடும் உப்புநீர்ச் சொட்டு, தேவைப்படுகிறது. முதல் சில மாதங்களில் குழந்தை பெரும்பாலும் மூக்கு வழியாகவே மூச்சு விடுவதால், வாயில் மார்பு இருக்கும்போது அதற்கு வேறு வழி எளிதில் கிடைப்பதில்லை.

மருந்துக்கடையில் வாங்கும்போது பெயரை மட்டும் பார்க்காமல், மருந்தாகச் சோடியம் குளோரைடு (உப்பு) மட்டுமே உள்ளதா என்று உறையைப் படித்துப் பாருங்கள். மூக்கின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி அடைப்பைக் குறைக்கும் சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் கலந்த சொட்டுகள் பார்ப்பதற்கு ஒரே மாதிரியான குப்பியில் வரும். அவை பச்சிளங்குழந்தைக்கு ஆபத்தானவை. வாய்வழிச் சளி மருந்துகளும் வேண்டாம். குளோர்பெனிரமினும் பீனைலெஃப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தரக்கூடாது என்று உறையில் எச்சரிக்கை அச்சிடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. வீட்டு உப்பைக் கரைத்து விடுவதிலும் அளவு தவறும், தூய்மையும் உறுதி இல்லை.

பால் கொடுப்பதற்குச் சற்று முன், குழந்தையை மல்லாக்க மடியில் கிடத்தி, குப்பியின் முனை மூக்கில் படாமல் ஒவ்வொரு துவாரத்திலும் ஒன்றிரண்டு சொட்டு விடுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் தூக்கி நிமிர்த்தினால் இளகிய சளி வெளியே வரும் அல்லது தொண்டைக்குள் இறங்கிவிடும், இரண்டுமே சரிதான். வெளியே வந்ததை மென்மையான பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். உறிஞ்சும் ரப்பர் குமிழைப் பயன்படுத்துவதாக இருந்தால், முதலில் குமிழை வெளியிலேயே அழுத்திக்கொண்டு, முனையை மூக்குத் துவாரத்தின் விளிம்பில் மட்டும் வைத்து, அழுத்திய பிடியை மெல்லத் தளர்த்த வேண்டும். ஒரு நாளில் மூன்று நான்கு முறைக்கு மேல் உறிஞ்சினால் உட்புறம் வீங்கி, அடைப்பு இன்னும் கூடும். பஞ்சுக் குச்சியை உள்ளே விடவே கூடாது.

பழக்கவழக்கங்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அன்பினால் செய்வதே தீங்காகிவிடுகிறது. குளிப்பாட்டியபின் மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கி அழற்சியை உண்டாக்கலாம். வாயால் மூக்கில் ஊதுவதும் உறிஞ்சுவதும் பெரியவர்களின் கிருமியைக் குழந்தைக்குக் கொடுக்கும். கற்பூரம் உடலில் சேர்ந்தால் வலிப்பு வரக்கூடும். சாம்பிராணிப் புகை மூச்சுப் பாதையை உறுத்தும், ஆவி பிடிப்பதோ வெந்நீர்க் காயத்தில் முடியும். பாட்டியிடம் இதைச் சொல்லும்போது அவர் செய்தது தவறு என்று தொடங்காமல், மருத்துவர் வேண்டாம் என்கிறார் என்று சொன்னால் எளிதாக ஏற்றுக்கொள்வார்.

அடைப்பு இருக்கிறது என்பதற்காகத் தலையணை வைக்க வேண்டாம். சமமான படுக்கையில் மல்லாக்கவே தூங்க வையுங்கள். தூளியில் முதுகு வளைந்து தாடை நெஞ்சில் முட்டுவதால் மூச்சு இன்னும் குறுகும். மூக்கடைத்த நாட்களில் பாலைச் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுங்கள். முதல் வாரத்திற்குப் பின் நாளொன்றுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்தால் பால் போதுமான அளவு சேர்கிறது என்று கொள்ளலாம்.

மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, மூக்கு மடல்கள் விரிவது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, 20 விநாடிகளுக்கு மேல் மூச்சு நிற்பது, பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடப்பது, 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருப்பது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நம் குழந்தைகளின் நிறத்தில் நீலம் பாய்வது தோலில் எளிதில் தெரியாது என்பதால் நாக்கையும் ஈறுகளையும் பாருங்கள். அமைதியாக இருக்கும்போது நீலமாகி, அழுதால் சிவக்கும் குழந்தைக்குப் பிறவியிலேயே மூக்கின் பின்பகுதி அடைபட்டிருக்கலாம். இதையும் தாமதமின்றிக் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 108-ஐ அழைத்து, வண்டி வரும்வரை குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து மேலே துணி போர்த்தி, முகம் மூடாமலும் கழுத்து மடங்காமலும் பிடித்துக்கொள்ளுங்கள். எண்ணிய மூச்சின் கணக்கையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றால் மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விக்கே விடை கையில் இருக்கும்.