அறுபதாம் கல்யாண மாலைக்குச் சாப்பாட்டுக் கவுண்ட்டர்கள்

அப்பாவின் அறுபதாம் கல்யாணம், மயிலாப்பூரில் ஒரு சின்ன ஹால். காலையில் இலைச் சாப்பாடு. மாலைக்கு மட்டும் கவுண்ட்டர்கள் வைத்தோம். 150 பேர்.

முதலில் தோசையை யோசியுங்கள், கூட்டம் அங்கேதான் சேரும். ஒரு தோசை வேக இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். நாங்கள் ஒரே கல்லோடு விட்டோம்; வரிசை மேடைவரை நீண்டது. பெரிய மாமா பொறுத்துப் பார்த்துவிட்டு, தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார். இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார்! நான்கு தோசை ஒன்றாக வார்க்கிற பெரிய கல் இரண்டு வேண்டும். சட்னி, சாம்பாரைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தால் தட்டோடு அங்கேயே நின்றுவிடுவார்கள். பத்தடி தள்ளித் தனி மேஜை போடுங்கள். நம்ம ஊர் வெக்கையில் தேங்காய்ச் சட்னி சீக்கிரம் ஊசிப்போகும், கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

பானிபூரி, பஞ்சுமிட்டாய் பிள்ளைகளுக்கு; ஹாலின் மறுகோடி போதும்.

அப்பாவின் நண்பர்களுக்கெல்லாம் முட்டிவலி. அவர்களை வரிசையில் நிறுத்தாமல் உட்கார்ந்த இடத்துக்கே பரிமாற இரண்டு ஆட்களைக் கேட்டரரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

ஃபில்டர் காபி வாசல் பக்கம், டபரா டம்ளரில்தான். டிகாக்‌ஷன் மொத்தமாக வேண்டாம், அவ்வப்போது புதிதாக இறக்கட்டும்.