திறந்தே கிடக்கும் இணைப்பு: ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் எழுதிய பைத்தான் ஸ்கிரிப்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தளத்துக்குள் போய் வரிசையாகப் பதிவுகளை ஏற்றும் வேலை. நடுவில், இணைப்பில் பிழை வந்தால் மூன்று முறை திரும்ப அனுப்பச் சொல்லும் ஒரு லூப். பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. சில வருடங்களுக்கு முன் நான் எழுதிய அதே லூப்.

சர்வருக்கு அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது இணைப்பு திறப்பது எல்லாருக்கும் தெரிந்த தப்பு, அதை விட்டுவிடுவோம். 1997-இல் எச்டிடிபி 1.1 (தளங்களோடு பேசும் நெறிமுறை) வந்ததிலிருந்து, மூடச் சொல்லாதவரை இணைப்பு திறந்தே இருக்கும் என்பதுதான் வழக்கம். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் ஒரு செஷனை (இணைப்பைத் திறந்து வைத்துக்கொள்ளும் பொருள்) உருவாக்கி அதையே பயன்படுத்தினால் போதும். இணைப்பு போடும் டிசிபிக்கு ஒரு சுற்று (சேதி போய்வருவது), அதை மறையாக்கும் டிஎல்எஸ் 1.3-க்கு இன்னொரு சுற்று (1.2 என்றால் இரண்டு) ஒவ்வொரு முறையும் மிச்சம். அந்த மிச்சத்துக்கு ஆசைப்பட்டு செஷனுக்கு மாறிய பிறகு வரும் தவறுகள்தான் இங்கே.

செஷன் வேறு, லாகின் வேறு

ரிக்வெஸ்ட்ஸ் செஷன் குக்கீயையும் (நாம் லாகின் செய்ததற்கான அடையாளம்) வைத்திருக்கும், இணைப்பையும் வைத்திருக்கும். ஆனால் இரண்டுக்கும் ஒட்டு உறவு இல்லை. இணைப்பு அறுந்தால் லாகின் போகாது. அதே குக்கீயோடு புது இணைப்பில் போகலாம். இது புரியாமல் இணைப்பு அறும்போதெல்லாம் திரும்ப லாகின் செய்து, கடைசியில் கணக்கே பூட்டப்பட்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சும்மா கிடந்த இணைப்பில் போஸ்ட் அனுப்பி, பிழை வந்தால் கண்ணை மூடிக்கொண்டு திரும்ப அனுப்புவது

போஸ்ட் என்றால் சர்வருக்குத் தரவை ஏற்றும் கோரிக்கை. இணைப்பு திறந்தே இருக்கும், சரி. எவ்வளவு நேரம்? அது சர்வர் கையில். அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளில் அமைப்பை மாற்றாவிட்டால் 5 வினாடி, என்ஜின்எக்ஸ் என்ற இன்னொன்றில் 75 வினாடி. அவ்வளவு நேரம் பேச்சில்லாமல் கிடந்தால் சர்வர் மூடிவிடும். மூடிய சேதி நமக்கு வந்து சேர்ந்துவிட்டால் தொல்லை இல்லை. ரிக்வெஸ்ட்ஸுக்கு அடியில் ஓடும் யூஆர்எல்லிப்3 அதைக் கவனித்துப் புது இணைப்பு திறந்துகொள்ளும். சேதி வழியில் இருக்கும்போதே நாம் அடுத்ததை அனுப்பிவிட்டால்தான் வம்பு.

என் கதை இது. வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்றின் தளத்தில் எங்கள் பில்களை ஏற்ற வேண்டும். அவர்கள் சர்வரைப் படுத்தக்கூடாதே என்று ஒவ்வொரு பில்லுக்கும் நடுவே ஸ்கிரிப்டை 5 வினாடி தூங்க வைத்தேன். அந்தப் பக்கமும் அதே 5 வினாடிதான். நான் கதவைத் தட்டுகிற நேரமும் அவர்கள் தாழ்ப்பாள் போடுகிற நேரமும் ஒன்றாகிவிட்டது. 4 என்றோ 7 என்றோ வைத்திருந்தால் எதுவும் கண்ணில் பட்டிருக்காது. இருபது முப்பது பில்லுக்கு ஒன்று, ‘மறுமுனை பதில் தராமலே இணைப்பை மூடிவிட்டது’ என்ற பிழையோடு விழுந்தது. காரணம் தேடச் சோம்பல்பட்டு, திரும்ப அனுப்ப ஒரு லூப் போட்டேன். வேலை செய்தது. மாதக்கணக்கில் ஒழுங்காக வேலை செய்தது என்பதுதான் கொடுமை.

ஒழுங்காக வேலை செய்ததற்குக் காரணம் உண்டு. சர்வர் ஏற்கெனவே மூடிவிட்டதால் அந்த பில் உள்ளே போகவே இல்லை. திரும்ப அனுப்பினால் ஒருமுறைதான் பதிவாகும். ஆனால் அதே பிழை இன்னொரு விதத்திலும் வரும். சர்வர் பில்லை வாங்கி, டேட்டாபேஸில் எழுதி முடித்து, பதில் சொல்வதற்குள் அதைக் கவனிக்கும் ப்ராசஸ் (ஓடும் நிரல்) செத்துப்போனாலும் இதே வாசகம்தான். நம் பக்கத்திலிருந்து பார்த்தால் ஓர் எழுத்துகூட மாறாது.

ஒரு மார்ச் மாதக் கடைசி. எல்லாரும் ஒரே நேரத்தில் ஏற்றியதில் தளம் திணறி, ப்ராசஸ்கள் விழுந்து விழுந்து எழுந்தன. மறுநாள் பார்த்தால் 23 பில்கள் இரண்டு தடவை, 4 பில்கள் மூன்று தடவை. ஏற்றியதை அழிக்கும் வசதி எங்களுக்குக் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் கிரெடிட் நோட் போட வேண்டியதாயிற்று. அக்கவுண்ட்ஸ் அக்கா இரண்டு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதில் எரிச்சல் என்னவென்றால், நூலகமே நம்மைத் தடுக்கத்தான் பார்க்கிறது. அனுப்பிய பிறகு இணைப்பு அறுந்தால் எந்த வகைக் கோரிக்கைகளைத் திரும்ப அனுப்பலாம் என்று யூஆர்எல்லிப்3 வைத்திருக்கும் பட்டியலில் போஸ்ட் இல்லை. 2022-இல் வந்த எச்டிடிபி வரையறையும் (ஆர்எஃப்சி 9110), திரும்பச் செய்தாலும் விளைவு மாறாது என்று உறுதியாகத் தெரியாதவற்றைத் தானாகத் திரும்ப அனுப்பாதே என்கிறது. நாம்தான் எங்கிருந்தோ ஒரு துண்டைக் காப்பியடித்துப் போஸ்டையும் அதில் சேர்த்துவிடுகிறோம்.

இப்போது நான் செய்வது: நடுவில் இடைவெளி விட்டால், பணம் சம்பந்தப்பட்ட போஸ்டை எப்போதும் புது இணைப்பில் அனுப்புவேன். ஒரு சுற்று இரண்டு சுற்று கூடினால் கூடட்டும். அப்போதும் அந்தப் பிழை வந்தால் அது பெரும்பாலும் இரண்டாவது வகை. உடனே திரும்ப அனுப்பாமல், பில் எண்ணை வைத்து ஒரு கெட் (படிக்க மட்டும் கேட்கும் கோரிக்கை) போட்டு, பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போவேன். சில தளங்கள் ஒவ்வொரு கோரிக்கைக்கும் நாம் தரும் தனி அடையாளச் சாவியை வாங்கிக்கொண்டு, அதே சாவி மறுபடி வந்தால் இரண்டாவது பதிவு போடாது. அந்த வசதி இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். அப்புறம், சாவியை லூப்புக்கு வெளியே உருவாக்குங்கள். நம்ம தம்பி உள்ளே உருவாக்கியிருந்தார். மூன்று முயற்சி, மூன்று புதுச் சாவி, மூன்று பில்.

பதிலைப் பாதியில் விட்டுவிட்டுப் போவது

ஸ்ட்ரீம் முறையில் (பதிலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பது) கோரிக்கை அனுப்பி, 404 (கேட்டது இல்லை) என்று பார்த்ததும் அடுத்ததுக்குத் தாவுவோம். பதிலின் உடல் இன்னும் குழாயிலேயே கிடக்கும். அதைப் படித்து முடிக்காமலோ மூடாமலோ இணைப்பு பூலுக்கு (மறுபடி பயன்படுத்தச் சேர்த்துவைக்கும் இடம்) திரும்பாது. அடுத்த கோரிக்கைக்குப் புது இணைப்புதான். செஷன் வைத்திருந்தும் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று ஒருநாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். கோ மொழியிலும் இதே கதை: பாடியைக் கடைசிவரை படித்து மூட வேண்டும். மூடினால் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள்.

செஷனைத் திறந்த பிறகு ஃபோர்க்

வேண்டாம். ஃபோர்க் என்றால் ஓடும் ப்ராசஸை இரண்டாகப் பிரிப்பது; இரண்டும் ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும். ஒரு ப்ராசஸுக்கு வர வேண்டிய பதிலை இன்னொன்று படித்துவிடும்.

டைம்அவுட்

பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற வரம்பை ரிக்வெஸ்ட்ஸ் தானாக வைக்காது. நீங்கள் வையுங்கள்.

நாள்கணக்கில் ஓடும் ஸ்கிரிப்ட்

திறந்த இணைப்பு டிஎன்எஸ்ஸை (தளப் பெயருக்கு முகவரி சொல்லும் சேவை) திரும்பக் கேட்காது. தளத்தைப் புது சர்வருக்கு மாற்றினாலும், பழையது உயிரோடு இருக்கும்வரை நம் ஸ்கிரிப்ட் அங்கேயே பேசிக்கொண்டிருக்கும். பிரவுசரில் புதுப் பக்கம் தெரிகிறது, ஸ்கிரிப்டுக்கு மட்டும் பழைய தரவு வருகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்க்கும் இடம் இது. என் ஸ்கிரிப்டுகளில் மணிக்கொருமுறை செஷனை மூடி, குக்கீயை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாகத் திறக்கிறேன்.