குமரி மாவட்டக் கல்லறைகளில் அரசியலாளர்களைத் தேடிப் பட்டியலிடும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்த அரசியல் தலைவர்களின் பட்டியலை ஒரே நாளில் எழுதிவிடலாம். இந்த மாவட்டத்து மண்ணில் அடக்கம் செய்யப்பட்டவர்களின் பட்டியல் அப்படி அமையாது; ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கல்லறையையோ பதிவேட்டையோ பார்த்தாக வேண்டும். அத்தகைய பட்டியலை உருவாக்க விரும்பும் மாணவர்களுக்கும் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இவ்வழிமுறையை எழுதுகிறேன்.

யாரை அரசியலாளர் என்று கொள்வது என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். மக்களவை, மாநிலங்களவை, சட்டமன்றம், பழைய சட்ட மேலவை ஆகியவற்றில் உறுப்பினராக இருந்தவர்கள், நகராட்சித் தலைவர்கள், ஊராட்சித் தலைவர்கள், பதவி எதுவும் வகிக்காமல் இயக்கங்களை நடத்தியவர்கள் எனப் பல அடுக்குகள் உண்டு. ஊராட்சித் தலைவர்களை விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பள்ளிக்கூடமும் சாலையும் குளக்கரையும் யாருடைய முயற்சியால் வந்தன என்பதை ஊர் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் அவர்களை வைத்துத்தான்.

அடுத்து, நினைவிடம் வேறு, அடக்கம் செய்த இடம் வேறு என்ற வேறுபாட்டைக் கடைசிவரை கைவிடாமல் இருக்க வேண்டும். குமரி மாவட்டத்தில் இந்தக் குழப்பம் ஏற்பட நிறைய வாய்ப்பு இருக்கிறது. காந்தியடிகளின் அஸ்தி 1948இல் கடலில் கரைக்கப்படுவதற்கு முன் மக்களின் அஞ்சலிக்காக வைக்கப்பட்ட இடத்தில்தான் கன்னியாகுமரி காந்தி மண்டபம் எழுந்தது. அருகிலேயே காமராஜர் மணிமண்டபமும் உள்ளது. 1969 இடைத்தேர்தலிலும் 1971 பொதுத் தேர்தலிலும் நாகர்கோவில் மக்கள் காமராஜரை மக்களவைக்கு அனுப்பினார்கள் என்றாலும், அவருடைய உடல் எரியூட்டப்பட்டது சென்னை கிண்டியில். பூதப்பாண்டியில் 1907இல் பிறந்த ஜீவானந்தத்துக்கு நாகர்கோவிலில் மணிமண்டபம் இருக்கிறது. அவர் 1963 ஜனவரியில் மறைந்தது சென்னையில். தலக்குளத்தில் பிறந்த, திருவிதாங்கூர் அரசின் தளவாயாக (முதலமைச்சராக) இருந்த வேலுத்தம்பி 1809இல் உயிர் துறந்த மண்ணடி இன்று கேரளத்தில் இருக்கிறது. அகஸ்தீஸ்வரத்தில் பிறந்து 1977இல் நாகர்கோவில் மக்களவை உறுப்பினரான குமரி அனந்தன் 2025 ஏப்ரலில் சென்னையில் காலமானார்; இறுதிச் சடங்கும் அங்கேயே நடந்தது. அவருடைய தம்பி எச். வசந்தகுமார் 2020 ஆகஸ்டில் கொரோனா தொற்றால் சென்னையில் இறந்தபோது அவருடைய உடல் சொந்த ஊரான அகஸ்தீஸ்வரத்துக்குக் கொண்டுவரப்பட்டு நல்லடக்கம் செய்யப்பட்டது. ஒரே வீட்டில் பிறந்த இருவரில் தம்பி மட்டுமே இந்தப் பட்டியலில் இடம்பெறுகிறார். குமரியைத் தமிழகத்துடன் இணைக்கும் போராட்டத்தின் தலைவர் மார்ஷல் நேசமணிக்கு நாகர்கோவிலில் மணிமண்டபம் இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அவருடைய கல்லறை இருக்கும் இடத்தை எழுதிவிடலாகாது; 1968 ஜூன் 1 அன்று மறைந்த அவருக்குரிய பதிவை அடக்கப் பதிவேட்டைப் பார்த்த பிறகே எழுத வேண்டும்.

பெயர்களைத் திரட்டுவதற்கு 1956 நவம்பர் 1ஆம் தேதியை எல்லைக்கல்லாகக் கொள்வது வசதியானது. அன்றுதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துடன் இணைந்து இம்மாவட்டம் உருவானது. அதற்குப் பிந்தைய உறுப்பினர்களின் பெயர்கள் தேர்தல் ஆணையத்தின் முடிவு அறிக்கைகளில் தொகுதிவாரியாகக் கிடைக்கும். 2008 தொகுதி மறுவரையறையில் திருவட்டாறு சட்டமன்றத் தொகுதி நீங்கியதையும், நாகர்கோவில் மக்களவைத் தொகுதி கன்னியாகுமரி எனப் பெயர் பெற்றதையும் மறந்தால் சில பெயர்கள் விடுபட்டுப்போகும். அந்தத் தேதிக்கு முந்தையவர்களைத் திருவிதாங்கூர் மன்னராட்சிக் கால மக்கள் பிரதிநிதிகள் அவையான ஸ்ரீமூலம் சபை, 1948இல் வயது வந்தோர் வாக்குரிமையுடன் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை, திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றம் ஆகியவற்றின் ஆவணங்களில் தேட வேண்டும். அவற்றுக்குத் திருவனந்தபுரம்தான் செல்ல வேண்டும். 1945இல் நாகர்கோவிலில் தொடங்கிய திருவிதாங்கூர்த் தமிழர் காங்கிரஸின் ஊழியர்களும், தமிழகத்துடன் இணைக்கக் கோரிய போராட்டத்தின்போது 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தவர்களும் எந்த உறுப்பினர் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். இவர்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்குவது முறை.

பெயர் கிடைத்தபின் எந்தக் கல்லறைத் தோட்டம் என்பதைக் கண்டறிய, அவர் எந்தச் சமயத்தை, கிறிஸ்தவரானால் எந்தத் திருச்சபையைச் சேர்ந்தவர் என்பது தெரிய வேண்டும். குமரியில் ஒரே ஊரில் சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், லுத்தரன், இரட்சணிய சேனை ஆகியவை அருகருகே இருக்கும். ஒவ்வொன்றின் பதிவேடும் தனி. கத்தோலிக்கர்களிலும் லத்தீன் வழிபாட்டு முறையினர் கோட்டாறு அல்லது 2014இல் உருவான குழித்துறை மறைமாவட்டத்துக்கும், மலங்கரை முறையினர் மார்த்தாண்டம் மறைமாவட்டத்துக்கும், சீரோ மலபார் முறையினர் தக்கலை மறைமாவட்டத்துக்கும் உட்பட்டவர்கள். இஸ்லாமியத் தலைவர்களுக்குப் பள்ளிவாசலை ஒட்டிய மையவாடியில் (அடக்கத் தலத்தில்) தேட வேண்டும். தலைமாட்டில் நடும் மீசான் கல்லில் பெயர் பொறிக்காத கபர்கள் (கல்லறைகள்) பல இருப்பதால், அங்கே ஜமாஅத் நிர்வாகிகளும் குடும்பத்தினரும் சொல்வதுதான் சான்று. அய்யா வைகுண்டரைப் பின்பற்றும் அய்யாவழியினரிடம் உடலை அடக்கம் செய்யும் வழக்கம் உண்டு. சொந்தப் புரையிடத்திலோ (வீட்டைச் சுற்றியுள்ள நிலத்திலோ) தோப்பிலோ சமாதி கட்டும் வழக்கமும் இம்மாவட்டத்தில் பரவலாக இருப்பதால், பொதுக் கல்லறைத் தோட்டங்களை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தினால் பட்டியலில் பெரிய இடைவெளி விழும். எரியூட்டப்பட்டவர்களுக்குக் கல்லறை இருக்காது. அவர்களை வேறொரு குறிப்பில் மயானத்தின் பெயருடன் எழுதலாம்.

அரசின் இறப்புப் பதிவை முதன்மைச் சான்றாக நம்ப வேண்டாம். இறப்பு நிகழ்ந்த இடத்தில்தான் அது பதிவாகும் என்பதால், சென்னை மருத்துவமனையில் இறந்தவரின் பதிவு சென்னையில் இருக்கும். உடல் எங்கே அடக்கமானது என்பது அதில் தெரியாது. அந்த விவரத்தைத் தருவது சபையின் அடக்கப் பதிவேடுதான். போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ நோக்கத்தை விளக்கி எழுத்தில் அனுமதி கேளுங்கள். உத்தேச ஆண்டைக் குறிப்பிட்டுக் கேட்டால் அவர்கள் எடுத்துத் தருவது எளிது. கடற்கரைப் பங்குகளில் இடநெருக்கடி காரணமாகப் பழைய குழிகளை மீண்டும் பயன்படுத்துவது உண்டு. அத்தகைய இடத்தில் பதிவேட்டில் பெயர் இருந்து கல்லறை இல்லாமல் போகலாம். அதையும் அப்படியே எழுதிவைக்க வேண்டும்.

கல்லறைத் தோட்டத்துக்குக் காலை ஏழு மணிக்கு முன்போ மாலை ஐந்து மணிக்குப் பின்போ செல்லுங்கள். சாய்வான வெயிலில் தேய்ந்த எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுவதால், உச்சிவேளையில் வெறும் பாறையாகத் தெரிந்த கல்லில் பெயர் துலங்கும். நிழலில் இருக்கும் கல்லுக்கு, சிறிய முகம் பார்க்கும் கண்ணாடியால் பக்கவாட்டிலிருந்து ஒளியைத் திருப்பினால் போதும். பாசி படர்ந்திருந்தால் வெறும் நீரும் மென்மையான தேங்காய் நார்த் தூரிகையும் தவிர வேறெதையும் பயன்படுத்தாதீர்கள். கம்பி பிரஷ், ஆசிட், சுண்ணக்கட்டி ஆகியவை கல்லின் மேல்தோலை அரித்துவிடும். எழுத்தை உள்ளபடியே பெயர்த்தெழுதுங்கள். பெயரில் பிழை இருப்பதாகத் தோன்றினாலும் திருத்தாமல், உங்கள் கருத்தைத் தனியே குறியுங்கள். குடும்பப் பெயரும் வீட்டுப் பெயரும் முதலெழுத்தும் தேர்தல் பதிவில் ஒரு விதமாகவும் கல்லில் ஒரு விதமாகவும் இருப்பது இங்கே சகஜம். மலையாளத்தில் பொறித்த கற்களும் மேற்குப் பகுதியில் தென்படும்.

பழைய கற்களில், திருவிதாங்கூரில் வழங்கிய, ஆவணியில் பிறக்கும் கொல்லம் ஆண்டு வரும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய உள்ள தேதிக்கு 824ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய உள்ள தேதிக்கு 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். திருவிதாங்கூர் முழுதும் பேசப்பட்ட தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம், கொல்லம் 1099 ஆடியில், அதாவது 1924 ஜூலையில் வந்தது என்பதை வைத்து உங்கள் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம். மாதம் தெரியாத கல்லுக்கு இரண்டு ஆண்டுகளையும் சாய்கோட்டுடன் எழுதுவதே நேர்மை.

கல்வெட்டு வாசிக்கப் பழகுவதற்குப் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையைவிடச் சிறந்த இடம் இம்மாவட்டத்தில் இல்லை என்பேன். இடிந்த சிற்றாலயத்துக்குள் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் தளபதி டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1777 ஜூன் 1 அன்று இறந்த அவருடைய கல்லில் லத்தீனும் தமிழும் ஒருங்கே பொறிக்கப்பட்டுள்ளன. மனைவியும் களக்காட்டுப் போரில் இறந்த மகனும் அங்கேயே அடக்கமானவர்கள். அவர் படைத்தலைவரே தவிர அரசியலாளர் அல்லர் என்பதால் முதன்மைப் பட்டியலில் நான் சேர்க்க மாட்டேன், பிற்சேர்க்கையில் வைப்பேன். கோட்டாறு சவேரியார் பேராலயத்துக்குள் அடக்கமான அரண்மனை அலுவலர் தேவசகாயம் பிள்ளைக்கும் இதே விதியைப் பொருத்தலாம். கல்லறைத் தோட்டத்தோடு நின்றுவிடாமல் ஆலயத்தின் உட்தளத்தையும் பார்க்க வேண்டும் என்பதற்கு அவருடைய கல்லறை நல்ல எடுத்துக்காட்டு.

குடும்பத்தினரைச் சந்திக்க நவம்பர் 2 கல்லறைத் திருநாள் ஏற்றது. அதற்கு முந்தைய வாரம் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டங்களில் களை பறித்து வெள்ளையடிப்பார்கள்; திருநாளன்று மெழுகுதிரியும் பூவுமாகக் குடும்பங்கள் வந்து நிற்கும். குருவானவர் கல்லறைகளை மந்திரித்து முடிக்கும்வரை ஒதுங்கி நின்று, பிறகு மூத்தவர்களிடம் பேசுங்கள். புதிதாக இறந்தவரின் கல்லறையையும் வீட்டுப் புரையிடத்தில் உள்ள சமாதியையும் அனுமதியின்றிப் படமெடுக்காதீர்கள். வாழும் வாரிசுகளின் பெயரும் முகவரியும் பட்டியலில் வரவே கூடாது.

ஒவ்வொரு பதிவிலும் பெயர், வகித்த பொறுப்பும் ஆண்டுகளும், பிறப்பு இறப்புத் தேதிகள், கல்லறைத் தோட்டத்தின் பெயர், ஊர், தாலுகா, நுழைவாயிலிலிருந்து கல்லறைக்குள்ள வழி ஆகியவற்றுடன், கல்லை நேரில் பார்த்து எழுதியதா, பதிவேட்டிலிருந்தா, வாய்மொழியா என்பதையும் எழுதுங்கள். முடிந்த பட்டியலின் ஒரு படியை நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்திலும், அந்தந்தத் தோட்டத்துக்குரிய பக்கங்களை உரிய சபையிடமும் ஜமாஅத்திடமும் கொடுத்துவிட்டால், விடுபட்ட பெயர்களை அவர்களே எழுதிச் சேர்க்க வழி பிறக்கும்.